மாணவர் செய்த கருவி: வி-பைத்தான் பிறந்த கதை

கோள் நீள்வட்டத்தில் சுற்றும் என்று 1609-ல் கெப்ளர் சொன்னதை நாமெல்லாம் மனப்பாடம்தானே செய்தோம்! அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ரூத் சாபே, புரூஸ் ஷெர்வுட் இருவரும் இயற்பியல் மாணவரையே புரோகிராம் எழுத வைத்தார்கள். அப்போதிருந்த 'சி.டி.' மொழியில் படம் தட்டையாகத்தான் வரும். அந்த வகுப்பில் படித்த டேவிட் ஷெரர், மாணவராக இருக்கும்போதே, 2000-ல் வி-பைத்தானை உருவாக்கினார். ஒரு வரி எழுதினால் திரையில் முப்பரிமாண உருண்டை நிற்கும்.

சூரியன் ஒண்ணு, பூமி ஒண்ணு. பூமிக்குத் தொடக்க வேகம் கொடுத்து, ஈர்ப்பு விசை, உந்தம், இடம் மூன்றையும் சின்னச் சின்ன நேர இடைவெளியில் திரும்பத் திரும்பக் கணக்கிடச் சொல்கிறோம். 'நீள்வட்டம்' என்று எங்கேயும் எழுதவே இல்லை. ஆனாலும் அது தானா வருது பாருங்க, அதுதான் சங்கதி! (இடைவெளியை ரொம்பப் பெரிசாக்கினால் பூமி தடம்விட்டு ஓடும். தம்பி, தங்கைகளே, அதையும் செய்து பாருங்கள்.)

2011-ல் ஷெரரும் ஷெர்வுட்டும் கிளோஸ்கிரிப்டைத் தொடங்கினார்கள். அதிலிருந்து பிரவுசரிலேயே எழுதி ஓட்டலாம், இன்ஸ்டால் பண்ணுகிற தலைவலி இல்லை.