கடைசி வரிசையிலிருந்து நாடகத்தின் ஒலியளவைக் குறைக்க முடியுமா?

கோயில் மண்டபமாக இருந்தாலும் பள்ளி மண்டபமாக இருந்தாலும், நம்முடைய நாடகங்களில் பாட்டையும் பின்னணி இசையையும் ஓட்டும் மடிக்கணினி பெரும்பாலும் மேடை ஓரத்தில், திரைக்குப் பின்னால்தான் இருக்கும். ஒலிபெருக்கிகள் கூட்டத்தைப் பார்த்து நிற்கும். ஆகவே கணினியில் அமர்ந்திருப்பவருக்கு மண்டபத்தில் என்ன கேட்கிறது என்பது சரியாகத் தெரியாது. இசை வசனத்தை விழுங்கும்போது பின்னால் இருப்பவர் கை காட்டிப் பயனில்லை.

இதற்கு வழி உண்டு. மேடை நிகழ்ச்சிகளுக்குப் பலர் பயன்படுத்தும் கியூலேப் என்ற மென்பொருளை, அதே வைஃபையில் உள்ள கைப்பேசியிலிருந்தோ ஐபேடிலிருந்தோ இயக்கலாம். இது மேக் கணினியில் மட்டுமே ஓடும். கைப்பேசி அனுப்புவது ஓ.எஸ்.சி. எனப்படும் சிறு கட்டளை. கியூலேப் அதை 53000 என்ற போர்ட்டில் எதிர்பார்த்திருக்கும்.

ஒலியளவுக் கட்டளையின் அமைப்பு எளிது. ஆங்கிலத்தில் சாய்கோடு இட்டு ‘கியூ’, பிறகு அந்த ஒலித்துண்டின் எண், பிறகு ‘ஸ்லைடர்லெவல்’, பிறகு வெளியீட்டின் எண். கடைசியில் இடைவெளி விட்டு டெசிபல் அளவு. வெளியீட்டின் எண் 0 என்றால் அது மாஸ்டர், மொத்த ஒலியையும் ஆளும். 1, 2 என்பவை தனித்தனி வெளியீடுகள்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். டெசிபலில் 0 என்றால் மௌனம் என்று நினைத்துவிடுகிறோம். அப்படியல்ல. 0 என்றால் கூட்டாமல் குறைக்காமல், பதிவில் உள்ள ஒலி அப்படியே முழுமையாக வெளிவரும். குறைக்க வேண்டுமானால் கழித்தல் குறி வேண்டும். மைனஸ் 10 என்றால் காதுக்கு ஏறக்குறைய பாதியாகத் தோன்றும்; மைனஸ் 60 என்றால் கேட்காது என்றே சொல்லலாம். டச் ஓ.எஸ்.சி. போன்ற செயலிகளில் நாம் வரையும் நழுவுபட்டை, மாற்றாமல் விட்டால், 0 முதல் 1 வரையிலான எண்களைத்தான் அனுப்பும். பட்டையைக் கீழே இழுத்து ஒலியை அடக்கப் பார்த்தால் 0 போய்ச் சேரும். இசை முழு அளவுக்குத் தாவும். ஓர் ஒத்திகையில் எனக்கே இது நடந்தது. முன்வரிசைப் பாட்டிமார் காதைப் பொத்திக்கொண்டார்கள். பட்டையின் எல்லையை மைனஸ் 60 முதல் 0 வரை என்று முதலில் மாற்றிவிடுங்கள்.

இன்னொரு சிக்கல், கண்ணுக்குத் தெரியாதது. இந்தக் கட்டளை அந்தத் துண்டில் பதிந்துள்ள அளவையே திருத்திவிடும். சனிக்கிழமை கூட்டம் குறைவு என்று குறைத்துவிட்டுக் கோப்பைச் சேமித்தால், ஞாயிறு நிறைந்த மண்டபத்திலும் அதே குறைந்த ஒலிதான். அதனால் நான் விரும்புவது ஃபேட் கியூ. ‘மூன்று டெசிபல் குறை’ என்று ஒன்று, ‘மூன்று டெசிபல் கூட்டு’ என்று ஒன்று, இரண்டையும் ரிலேட்டிவ் வகையில் அமைத்து, கைப்பேசியிலிருந்து அவற்றைத் தொடங்க மட்டும் செய்யலாம். ஃபேட், ஓடிக்கொண்டிருக்கும் ஒலியை மட்டுமே மாற்றும். அடுத்த முறை துண்டு தன் பழைய அளவிலேயே தொடங்கும். ஒரேயடியாகத் தாவாமல் மெல்ல இறங்கும் என்பதும் காதுக்கு நல்லது.

கியூலேப் 5-இல் பார்க்க, திருத்த, இயக்க என்று மூன்று அனுமதிகள் உண்டு. கடவுக்குறியீட்டோடு இயக்கும் அனுமதியை மட்டும் கைப்பேசிக்குக் கொடுத்தால், தவறுதலாகக்கூட பதிந்த அளவு மாறாது.

மண்டபத்தின் பொது வைஃபையை நம்பாதீர்கள். விருந்தினர் வைஃபை பல இடங்களில் ஒரு கருவி மற்றொன்றைக் காணாதபடி தடுத்திருக்கும். வீட்டில் சும்மா கிடக்கும் ரவுட்டர் போதும். இணையச் சந்தா தேவையில்லை. முடிந்தால் மடிக்கணினியைக் கேபிளில் இணைத்து, கைப்பேசிக்கு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள். ஒத்திகையில் நன்றாக வேலை செய்தது, முந்நூறு கைப்பேசிகள் உள்ளே வந்த பிறகு தடுமாறலாம். ஓ.எஸ்.சி. பெரும்பாலும் யு.டி.பி. வழியில் போகிறது, வழியில் தொலைந்த கட்டளை தொலைந்ததுதான், மறுபடி அனுப்பப்படாது. ஆகவே மடிக்கணினி அருகில் ஒருவர் அமர்ந்தே இருக்கட்டும், கடைசி வரிசைக்காரரோடு வாக்கிடாக்கித் தொடர்பில்.