கொப்பி யார் கையில்?

போன வருசம் ஏப்ரல் லீவுக்கு வீட்டுக்குப் போனப்போ, அரிசி வாளிக்கு அடியில ஒரு கடிதம் கிடந்தது. எங்க தோட்டம் நமுனுகுல மலைக்குக் கீழே. கடிதம் முழுக்கச் சிங்களம். ஒரு கடன் கம்பனிக்குக் கட்ட வேண்டிய பாக்கிக்காக மத்தியஸ்த சபைக்கு வரச் சொல்லி அம்மாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

"கோட்டுக்கெல்லாம் என்னால வர ஏலாதுப்பா. புடிச்சி உள்ள போட்டுருவாங்க" என்று அம்மா சொன்னாங்க.

மத்தியஸ்த சபை நீதிமன்றமே இல்லை. கட்டாத கடனுக்காக அது யாரையும் உள்ளே போடவும் முடியாது. அம்மா வாழ்க்கையில ஒருநாளும் கோட்டுப் படி ஏறினதில்லை. அப்படியிருந்தும் இந்தப் பயம் எங்கேயிருந்து வந்தது? அதைத் தேடப் போனதுதான் இந்தக் கட்டுரை.

பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம், அறிவித்தல் கொடுக்காமல் வேலையை விட்டுப்போகிற தொழிலாளியை மூன்று மாதம் வரை சிறையில் போட இடம் கொடுத்தது. வேலை ஒப்பந்தத்தை மீறுவது குற்றவியல் வழக்கு. கடனும் வேலையும் ஒரே முடிச்சாக இருந்த தோட்டத்தில், "கடன்காரன் ஓடினால் ஜெயில்" என்றுதான் அது எங்கள் ஆட்களுக்கு விளங்கியிருக்கும். தப்பு இல்லை.

முறையாக அறிவித்தல் கொடுத்துவிட்டுப் போகலாம்தானே? சட்டத்தில் போகலாம். தோட்டத்தில் முடியாது. அங்கேதான் 'துண்டு' வருகிறது.

இந்தியாவிலிருந்து ஆட்களைக் கூட்டிவர துரை கங்காணிக்கு முன்பணம் கொடுப்பார். வழிச்செலவு, சாப்பாடு, துணிமணி எல்லாம் கங்காணியின் கொப்பியில் தொழிலாளியின் பெயரில் கடனாக ஏறும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் பழைய துரை ஒரு துண்டுக் கடதாசி எழுதித் தர வேண்டும்: இவ்வளவு பணம் கட்டினால் இந்த ஆட்களை விடுவிக்கிறேன் என்று. அந்தத் துண்டு இல்லாமல் வந்தவரை மற்றத் தோட்டங்கள் எடுக்காது. புதுத் துரை பணத்தைக் கட்டுவார். கடன் ஆட்களோடு சேர்ந்து இடம் மாறும்.

இந்தக் காலம் முழுக்க சிறிய பண வழக்குகளைக் கேட்க ஒரு நீதிமன்றம் நாட்டில் இருந்தது. 'கோர்ட் ஒஃப் ரிக்குவெஸ்ட்ஸ்' என்று பெயர். 1843இல் தொடங்கியது, பதுளையிலும் இருந்தது. பிந்திய காலத்தில் 300 ரூபா வரையான வழக்குகளைக் கேட்டது. அங்கே போனால் கடன் கொடுத்தவர்தான் கடனை நிரூபிக்க வேண்டும். எப்போது கொடுத்தாய், எவ்வளவு, கணக்கு எங்கே என்று கேள்வி வரும். துண்டு முறையில் அந்தக் கேள்வியே கிடையாது. வழக்கில்லாமலே தீர்ப்பு! கொப்பியை எழுதினவரே நீதிபதி. எழுத்து வாசிக்கத் தெரியாதவர், அதில் என்ன எழுதியிருக்கு என்று எப்படிக் கேட்பார்?

எனக்கு இது பெரிய அதிர்ச்சி. நாங்கள் பயந்தது கோட்டுக்கு. எங்களை உண்மையில் கட்டிப்போட்டதோ கோட்டுக்கு வெளியே நடந்த கணக்கு.

துண்டு முறை 1921ஆம் ஆண்டின் 43ஆம் இலக்கக் கட்டளைச்சட்டத்தோடு ஒழிந்தது. தோட்டத் தொழிலாளருக்காகக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் பொன்னம்பலம் அருணாசலம். ஆனால் 'கணக்கைக் காட்டு' என்று கேட்கிற பழக்கத்தைச் சட்டம் கொண்டுவந்து தர முடியாது. அதை நாங்கள்தான் பழக வேண்டும்.

பழகினவர்களும் இருந்தார்கள். தோட்டத்தை விட்டு வெளியேறச் சொன்னபிறகும் லயத்திலேயே இருந்த தொழிலாளர்மேல் அத்துமீறல் வழக்குப் போடுவது அந்நாளில் வழமை. அப்படியொரு வழக்குத்தான் 'அரசன் எதிர் செல்வநாயகம்'. அது லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய் 1950இல் தொழிலாளி பக்கம் முடிந்தது. மற்றவரைத் தொந்தரவு செய்வதுதான் அவருடைய பிரதான நோக்கம் என்பதை அரசு நிரூபிக்க வேண்டும்; தனக்கு உரிமை உண்டென்று மனதார நம்பி இருந்தவர் குற்றவாளி ஆகமாட்டார் என்பதுதான் அதன் சாரம். அது பணவழக்கு இல்லை. என்றாலும் பாடம் ஒன்றே: குற்றம் சாட்டுகிறவர், பணம் கேட்கிறவர், அவர்தான் நிரூபிக்க வேண்டும்.

இதற்கு உதவுகிற பழைய சட்டங்கள் சில இன்னும் இருக்கின்றன. 1871ஆம் ஆண்டின் காலவிதிப்புக் கட்டளைச்சட்டப்படி கடைக்கொப்பிப் பாக்கிக்கு ஒரு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். எழுத்தில்லாத கைமாற்றுக்கு மூன்று வருடம், எழுதிக் கொடுத்த கடனுக்கு ஆறு வருடம். ஆனால் காலம் கடந்துவிட்டது என்பதை எதிராளிதான் எடுத்துச் சொல்ல வேண்டும்; நீதிமன்றம் தானாகச் சொல்லாது. இடையில் கொஞ்சம் பணம் கட்டினாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டாலோ காலம் புதிதாக எண்ணப்படும். 1918ஆம் ஆண்டின் கடன்கொடுத்தல் கட்டளைச்சட்டம், புரோநோட்டில் முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று தெளிவாக எழுதச் சொல்கிறது. வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவதையும் தடுக்கிறது.

பழைய சிறு வழக்கு நீதிமன்றம் 1973ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தோடு போய்விட்டது. 1988இல் மத்தியஸ்த சபைகள் வந்தன. ஆரம்பத்தில் 25,000 ரூபாவுக்கு உட்பட்ட பிணக்குகள் முதலில் அங்கே போக வேண்டும் என்றிருந்தது. பிறகு தொகையைக் கூட்டினார்கள். அங்கே சட்டத்தரணி வாதாட முடியாது. நீங்களேதான் பேச வேண்டும். சபை தீர்ப்புச் சொல்லாது; இரண்டு பக்கமும் சம்மதித்தால் மட்டும்தான் இணக்கம்.

அம்மாவும் நானும் போனோம். கையில் கம்பனி கொடுத்த தவணை அட்டை. "மொத்தக் கணக்கைக் காட்டுங்க" என்று நான்தான் முதலில் கேட்டேன், குரல் நடுங்கியது. வந்திருந்த அலுவலர் கணக்கைக் கொண்டுவரவில்லை. அடுத்த தவணைக்குக் கொண்டுவந்தார். அம்மா கட்டிய நாலு தவணை அதில் இல்லை. எங்கள் அட்டையில் கையெழுத்தோடு இருந்தது. கடன் இல்லாமல் போகவில்லை. குறைந்தது. மிச்சத்தை மாதாமாதம் கட்டுவதாக ஒத்துக்கொண்டோம். வரும்போது பஸ்ஸில் அம்மா, "இவ்வளவுதானா?" என்று கேட்டாங்க.

இணக்கம் வராமல் விஷயம் நீதிமன்றத்துக்குப் போனால் ஒன்றை மறக்க வேண்டாம்: போகாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. எதிராளி வராவிட்டால் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வரும். வழமையான சிவில் வழக்கில் அந்தத் தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாளுக்குள், வராததற்கு நியாயமான காரணம் காட்டினால்தான் அதை நீக்கக் கேட்கலாம். சிங்களம் விளங்காவிட்டால் மொழிபெயர்ப்பு கேட்க அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. சட்டத்தரணிக்குக் காசில்லாவிட்டால் 1978இல் உருவான சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

உங்கள் வீட்டிலும் ஒரு அரிசி வாளி இருக்கும். லீவுக்குப் போனால் அதற்கடியில் கொஞ்சம் பாருங்கள். கடிதம் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள். கட்டின காசுக்கு ரசீது கேட்டு வாங்கச் சொல்லுங்கள். நூறு வருடமாகக் கொப்பி மற்றவர் கையில்தான் இருந்தது. இனி நம்ம வீட்டிலும் ஒரு கொப்பி இருக்கட்டும்.