இன்ஜின் சீஸ் ஆகிடுச்சா? பிரித்து வேலை பார்க்கலாமா, வேறு இன்ஜின் மாற்றலாமா? லாரி உரிமையாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை!

மோகனூர் பக்கம் லாரி இல்லாத தெருவைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சேலம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வண்டிகள், நாமக்கல் பண்ணைகளிலிருந்து முட்டை ஏற்றும் வண்டிகள், வாங்கல் பாலம் தாண்டி கரூர் பக்கம் போகும் லோடு என எந்நேரமும் ஓட்டம்தான். பாடி கட்டுவதில் நாமக்கல், ரிக் வண்டியில் திருச்செங்கோடு என இந்தப் பகுதியே சக்கரத்தை நம்பித்தான் இருக்கிறது.

இதில் பெரிய கம்பெனிகளை விட, ஒரே ஒரு வண்டியை ஃபைனான்ஸில் எடுத்து, தானே ஓட்டிப் பிழைக்கும் உரிமையாளர்களுக்குத்தான் சிக்கல் அதிகம். நடுரோட்டில் இன்ஜின் நின்றுவிட்டால் வருமானம் அன்றே நின்றுவிடும். ஆனால் மாதத் தவணை நிற்காது. அந்தப் பதற்றத்தில் எடுக்கும் முடிவு சில நேரம் வண்டியையே விற்கும் நிலைக்குக் கொண்டுபோய்விடும்.

பழைய இன்ஜினையே பிரித்து வேலை பார்ப்பதா, இல்லை வேறு இன்ஜின் மாற்றுவதா? எதை வைத்து முடிவு செய்வது? பார்க்கலாம்.

முதலில், இன்ஜின் உண்மையிலேயே போய்விட்டதா?

புகை வந்தாலே 'இன்ஜின் வேலைக்கு வந்துடுச்சு' என்று சொல்லிவிடுவார்கள். அப்படி உடனே முடிவு செய்யத் தேவையில்லை.

* கறும்புகை: பெரும்பாலும் டீசல் அதிகமாகப் போகிறது அல்லது காற்று போதவில்லை. ஏர் ஃபில்டர், இன்ஜெக்டர், டர்போ ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும்.
* நீலப்புகை: ஆயில் எரிகிறது. பிஸ்டன் ரிங், லைனர் தேய்ந்திருக்கலாம். டர்போ சீல் போயிருந்தாலும் இதே புகை வரும்.
* விடாமல் வரும் வெள்ளைப்புகை: கூலன்ட் உள்ளே கசியலாம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டில் விரிசல் இருக்கலாம்.
* டிப் ஸ்டிக்கில் ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால்: ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது.

'சீஸ்' என்பது இதற்கெல்லாம் அடுத்த கட்டம். ஆயில் இல்லாமலோ, சூடு ஏறியோ பிஸ்டன் லைனரோடு பிடித்துக்கொள்ளும், அல்லது பேரிங் கிராங்க்கோடு பிடித்துக்கொள்ளும். அப்போது இன்ஜின் சுற்றவே சுற்றாது. 'ஒரு தடவை தள்ளிப் பார்ப்போம்' என்று வண்டியைக் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்யப் பார்ப்பதுதான் பலர் செய்யும் தவறு. கொஞ்சம் தேய்ந்திருந்த கிராங்க் அந்த ஒரு முயற்சியிலேயே வீணாகிவிடலாம்.

இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் இழுவை இல்லை என்றால், ஒவ்வொரு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு சிலிண்டரில் மட்டும் அழுத்தம் குறைந்தால் அது வால்வு வேலையாகவும் இருக்கலாம். எல்லாவற்றிலும் குறைந்து, பிரீதர் வழியாகவும் புகை தள்ளினால் முழு வேலைக்குத் தயாராக வேண்டியதுதான்.

தீர்ப்பு சொல்லும் 3 பாகங்கள்

பிஸ்டன், ரிங், லைனர், பேரிங் எல்லாம் எப்படியும் மாற்றத்தான் போகிறோம். அவை உடைந்ததற்காக இன்ஜினையே மாற்ற வேண்டியதில்லை. முடிவைத் தீர்மானிப்பது இந்த மூன்றும்தான்.

1. பிளாக்: ராடு உடைந்து பிளாக்கைக் குத்திக்கொண்டு வெளியே வந்திருந்தால், அல்லது மெயின் பேரிங் உட்காரும் இடத்தில் விரிசல் இருந்தால், பழைய பிளாக்கை நம்ப முடியாது. லைனர் தேய்மானம் மட்டும் என்றால் பயமில்லை. லைனரை மாற்றிக்கொள்ளும் வகையில்தான் கனரக டீசல் இன்ஜின்கள் பெரும்பாலும் வருகின்றன.

2. கிராங்க்: தேய்ந்த கிராங்க்கை லேத்தில் கிரைண்டிங் செய்து, அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடலாம். பொதுவாக 0.25 மி.மீ., 0.50 மி.மீ. எனப் படிப்படியாக அளவு குறையும். ஏற்கெனவே கடைசி அளவு வரை கடைந்திருந்தாலோ, வளைந்திருந்தாலோ, விரிசல் விட்டிருந்தாலோ வேறு கிராங்க்தான் போட வேண்டும்.

3. ஹெட்: சூடு ஏறி லேசாக வளைந்திருந்தால் ஃபேசிங் செய்யலாம். வால்வுகளுக்கு நடுவே ஆழமாக விரிசல் விட்டிருந்தால் மாற்றுவதே நல்லது.

மூன்றில் ஒன்று மட்டும் போயிருந்தால் பிரித்து வேலை பார்ப்பது பெரும்பாலும் கட்டுப்படியாகும். இரண்டு போயிருந்தால் வேறு இன்ஜினின் விலையை விசாரிக்கத் தொடங்குங்கள். மூன்றுமே போயிருந்தால் பழைய இன்ஜினில் மிஞ்சுவது பெயர் மட்டும்தான்.

லேத்தில் அளவு எடுக்காமல், 'பார்த்தாலே தெரியுது' என்று சொல்வதை மட்டும் நம்பி முடிவு எடுக்க வேண்டாம். அளவுச் சீட்டு கையில் வந்த பிறகு பேசுங்கள்.

முன்னால் இருக்கும் 4 வழிகள்

* அரை வேலை: ஹெட், வால்வு, கேஸ்கெட் வரை மட்டும். செலவு குறைவு. ஆனால் கீழே பேரிங் தேய்ந்திருக்கும்போது மேலே மட்டும் வேலை பார்த்தால், கம்ப்ரஷன் ஏறி, சீக்கிரமே கீழ்ப்பகுதி சத்தம் போட ஆரம்பிக்கும்.
* முழு வேலை: பழைய பிளாக்கிலேயே எல்லாம் புதிதாகப் போடுவது. தரம் முழுக்க மெக்கானிக் கையிலும் லேத் பட்டறையிலும்தான் இருக்கிறது.
* எக்ஸ்சேஞ்ச்: பழைய இன்ஜினைக் கொடுத்துவிட்டு, ரீகண்டிஷன் செய்த இன்ஜினை வாரண்டியோடு வாங்குவது. டாடா மோட்டார்ஸ் 'புரோலைஃப்' என்ற பெயரில் இதைச் செய்கிறது. விலை கூடுதல், நாட்கள் மிச்சம்.
* உடைப்புக்கு வந்த வண்டியின் இன்ஜின்: விலை குறைவு, ரிஸ்க் அதிகம். அது எவ்வளவு ஓடியது என்பது யாருக்கும் தெரியாது. எந்த வண்டியிலிருந்து வந்தது என்ற ஆவணமும் பில்லும் இல்லாமல் தொடவே கூடாது. திருட்டு வண்டியின் இன்ஜினாக இருந்தால் வழக்கு உங்கள் மேல் வரும்.

2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 வண்டிகள்தான் பதிவாகின்றன. அவற்றில் சென்சார், ஈ.சி.யு., புகை சுத்திகரிப்பு அமைப்பு எல்லாம் இன்ஜினோடு பின்னிப் பிணைந்தவை. 'பழைய மாடல் இன்ஜினை மாட்டி ஓட்டிக்கலாம்' என்ற யோசனை அங்கே எடுபடாது.

எது லாபம்? ஒரு சின்ன கணக்கு

கீழே உள்ள தொகைகள் கணக்குக்காக மட்டும். உங்கள் பட்டறை சொல்லும் தொகையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

முழு வேலைக்கு 2.5 லட்சம் ரூபாய், வண்டி 15 நாள் நிற்கும் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாள் நின்றால் இழப்பு 3,000 ரூபாய் என்றால், 45,000 ரூபாய் சேர்ந்து மொத்தம் 2.95 லட்சம். எக்ஸ்சேஞ்ச் இன்ஜின் 4 லட்சம், 5 நாள் நிற்கும் என்றால் மொத்தம் 4.15 லட்சம்.

இதை மட்டும் பார்த்தால் முழு வேலைதான் மலிவு. ஆனால் முழு வேலை 3 வருடம், எக்ஸ்சேஞ்ச் 5 வருடம் தாங்கும் என்றால்? முதலாவதில் மாதத்துக்குச் சுமார் 8,200 ரூபாய். இரண்டாவதில் சுமார் 6,900 ரூபாய்தான்.

அதே வண்டியை 2 வருடத்தில் விற்கப்போகிறீர்கள் என்றால் கணக்கு தலைகீழ். முழு வேலைக்கு மாதம் சுமார் 12,300, எக்ஸ்சேஞ்சுக்குச் சுமார் 17,300. ஆக, இன்ஜின் எத்தனை வருடம் தாங்கும் என்பதோடு, வண்டியை எத்தனை வருடம் வைத்திருக்கப் போகிறீர்கள் என்பதும் முக்கியம்.

இன்னொரு கேள்வியும் உண்டு. ஓடும் நிலையில் வண்டி என்ன விலைக்குப் போகும், இன்ஜின் இல்லாமல் என்ன விலைக்குப் போகும்? இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விட ரிப்பேர் செலவு அதிகமானால், விற்கும்போது அந்தப் பணம் திரும்ப வராது. ஓட்டித்தான் எடுக்க வேண்டும். 8 வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. வருடாவருடம் எடுக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

'ஏன் போச்சு?' என்று கேட்டீர்களா?

இதைக் கேட்காமல் புது இன்ஜினே போட்டாலும் அதுவும் போய்விடும்.

ரேடியேட்டரில் கூலன்ட் ஊற்றாமல் போர் தண்ணி ஊற்றுவது பல ஊர்களில் பழக்கம். உப்புத் தண்ணியால் உள்ளே காரை படிந்து, சூடு வெளியேற வழியில்லாமல் போகும். கரும்புக் காட்டு மண் பாதையில் ஓடும் வண்டிக்கு ஏர் ஃபில்டர் சரியில்லை என்றால், உள்ளே போகும் தூசு லைனரை உப்புத்தாள் போலத் தேய்த்துவிடும்.

பேரிங் உடைந்து போன இன்ஜின் என்றால் இன்னும் கவனம் தேவை. உலோகத் துகள்கள் ஆயில் கூலரிலும் பைப்பிலும் தங்கியிருக்கும். அவற்றைக் கழுவாமல் பழைய கூலரையே மாட்டினால், முதல் ஓட்டத்திலேயே அந்தத் துகள்கள் புது பேரிங்குக்குள் போகும்.

ஆர்.டி.ஓ. ஆபீஸ் போக வேண்டுமா?

இன்ஜின் நம்பர் இருப்பது பிளாக்கில். அதே பிளாக்கில் வேலை பார்த்தால் நம்பர் மாறாது. பிளாக்கோ, முழு இன்ஜினோ மாறினால் ஆர்.சி.யிலும் மாற்ற வேண்டும்.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ன்படி இதற்குப் பதிவு அதிகாரியின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் இல்லாமல் மாற்றியிருந்தால் 14 நாட்களுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யையும் கட்டணத்தையும் கொடுத்துப் பதிய வேண்டும். வண்டி மேல் கடன் இருந்தால் ஃபைனான்ஸ் நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாக ஒப்புதல் வாங்கிவிடுங்கள். நம்பர் பொருந்தாத வண்டிக்கு எஃப்.சி.யில் தொடங்கி விபத்து கிளெய்ம் வரை எல்லாமே சிக்கல்தான்.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

தேய்மானத்தாலோ, மெக்கானிக்கல் பழுதாலோ இன்ஜின் போனால் வழக்கமான பாலிசியில் கிடைக்காது. விபத்தில் அடிபட்டு இன்ஜின் சேதமானால் அது வேறு. அப்படியானால் இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்பே சர்வேயர் பார்த்திருக்க வேண்டும்.

பிஸ்டனே இல்லாத இன்ஜினுக்கும் இதே கேள்வி!

மஸ்டா நிறுவனத்தின் ஆர்.எக்ஸ்-8 காரில் இருப்பது ரோட்டரி இன்ஜின். பிஸ்டனுக்குப் பதில் முக்கோண வடிவ ரோட்டர் சுற்றும். அதன் முனையில் உள்ள சீல் தேய்ந்தால் கம்ப்ரஷன் போய்விடும். இந்தப் புகார்கள் அதிகமானதால், அமெரிக்காவில் அந்த இன்ஜினுக்கான வாரண்டியை 8 வருடம் அல்லது 1 லட்சம் மைல் என மஸ்டா நீட்டித்தது. அங்கும் விதி இதேதான். சீல் மட்டும் தேய்ந்திருந்தால் பிரித்து மாற்றலாம். உடைந்த சீல் உள்சுவரைக் கீறிவிட்டால், ஹவுசிங்கையே மாற்றும் செலவு வரும். அப்போது வேறு இன்ஜின் போடுவதே மேல் என்ற நிலை வந்துவிடும்.

வண்டியை விடும் முன் கேட்டு வாங்க வேண்டியவை

* என்னென்ன பாகம், என்ன பிராண்ட், கூலி எவ்வளவு என்று எழுத்தில் எஸ்டிமேட்.
* லேத் அளவுச் சீட்டு.
* கழற்றிய பழைய பாகங்கள்.
* ஜி.எஸ்.டி. பில். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரி பாகங்களுக்கு ஒரே வரிதான், 18%. அதற்கு மேல் போட்டிருந்தால் கேளுங்கள்.
* வாரண்டி எத்தனை மாதம், எத்தனை கி.மீ., எதற்கெல்லாம் என்ற விவரம்.
* முதல் சில ஆயிரம் கி.மீ.க்கு லோடு, வேகம் எவ்வளவு, முதல் ஆயில் எப்போது மாற்றுவது என்ற குறிப்பு.

வேலை சரியில்லை, பட்டறையும் பொறுப்பேற்க மறுக்கிறது என்றால் என்ன செய்வது? சொந்தப் பிழைப்புக்காக வண்டி ஓட்டுபவரும் நுகர்வோர்தான் என்கிறது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019. 1915 என்ற எண்ணில் புகார் செய்யலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 வருடத்துக்குள் வழக்கும் போடலாம். ஆனால் பில் இல்லாமல் அங்கே வாதாடுவது கஷ்டம்.

இன்ஜின் நின்ற அன்றே முடிவு எடுக்க வேண்டும் என்ற அவசியமில்லை. பிரித்து, அளந்து, கணக்குப் போட இரண்டு நாள் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு நாள் வாடகை போனால் போகட்டும், வண்டி உங்களிடமே இருக்கும்.