ரத்தம் நின்றாலும் வளரும் கல்லீரல்

கல்லீரலுக்கு வரும் ரத்தத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கைப் போர்ட்டல் சிரையும் மீதியைக் கல்லீரல் தமனியும் கொண்டுவருகின்றன. இவையிரண்டும் பித்தநாளத்துடன் ஒரே சவ்வு மடிப்புக்குள் செல்கின்றன. கல்லீரல் கிழிந்து ரத்தம் பெருகும்போது அந்த மடிப்பைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே நெருக்கிப் பிடித்தால் ரத்தம் நிற்கும், தையல் போட இடம் தெரியும் என்று கிளாஸ்கோ அறுவை மருத்துவர் ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கில் 1908-இல் எழுதினார். அவர் அறுவை செய்த நோயாளிகள் பிழைக்கவில்லை. முயல்களில் முறை பலித்தது. இன்றும் அது பிரிங்கில் முறை என்றே வழங்குகிறது.

ரத்தம் இல்லாமல் கல்லீரல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பதே அடுத்த கேள்வி. கால் மணி நேரத்துக்கு மேல் நிறுத்த மருத்துவர்கள் நெடுங்காலம் அஞ்சினர். பிறகு, நலமான கல்லீரல் ஒரு மணி நேரம் வரை தாங்கும் எனத் தெரியவந்தது. 15 நிமிடம் அடைத்து 5 நிமிடம் திறந்துவிடும் வழக்கம் பரவியது.

அந்த அச்சம் நிலவிய காலத்திலேயே கல்லீரலின் வளரும் திறனும் தெளிவானது. போர்ட்டல் சிரையின் ஒரு கிளையை முயலில் கட்டினால் அந்தப் பகுதி சுருங்கி மறுபகுதி பெருக்கிறது என்று ரூஸும் லாரிமோரும் 1920-இல் காட்டினர். எலியின் கல்லீரலில் மூன்றில் இரண்டு பங்கை வெட்டினாலும் சில நாட்களில் எடை மீள்வதை ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் 1931-இல் பதிவு செய்தனர். வெட்டிய மடல் மறுபடி முளைப்பதில்லை. எஞ்சிய மடல்களே பருக்கின்றன.

கல்லீரலை வெட்டுவதற்காகத் தடுத்த ரத்தம் திரும்பும்போது முதலில் சேதம் கூடுகிறது. நெடுநேரம் அடைத்திருந்தால் செல்கள் மடிகின்றன. அளவோடு அடைத்திருந்தால், கல்லீரலின் குப்ஃபர் செல்கள் வெளியிடும் இன்டர்லூக்கின்-6 போன்ற சமிக்ஞைகள் ஓய்ந்திருந்த செல்களைப் பிரியத் தூண்டுகின்றன. உடலுக்கு வேண்டிய எடை வந்ததும் வளர்ச்சி நிற்கிறது.

உயிருள்ளவரின் கல்லீரல் தானம் இந்த அறிவின் மேல்தான் நிற்கிறது. 1998 நவம்பரில் காஞ்சிபுரத்தைச் சேர்ந்த 20 மாதக் குழந்தைக்குத் தந்தையின் கல்லீரலில் ஒரு பகுதி டெல்லி அப்போலோ மருத்துவமனையில் பொருத்தப்பட்டது. இந்தியாவில் குழந்தைக்குச் செய்து வெற்றி கண்ட முதல் கல்லீரல் மாற்று அதுவே. பின்னர் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலும் இச்சிகிச்சை தொடங்கியது. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கல்லீரல் மாற்றும் சேர்ந்தபின், சிறிய ஊர்களின் எளிய குடும்பங்களுக்கும் இதற்கான வழி திறந்தது.