அதங்கோட்டு ஆசானும் தும்பாப் பொறியாளரும்

திருவனந்தபுரத்திலிருந்து தெற்கே போய்க் களியக்காவிளையைத் தாண்டினால் அதங்கோடு அதிக தூரமில்லை. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு சேரும்வரை அதுவும் நம் திருவிதாங்கூர் மண்தான். தொல்காப்பிய அரங்கேற்றத்தில் நூலைக் கேட்ட அதங்கோட்டு ஆசான் இவ்வூர்க்காரர் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. அவர் அடுக்கடுக்காகக் குற்றம் சொல்ல, தொல்காப்பியர் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னதாக நச்சினார்க்கினியர் உரை. நம் இஞ்சினியர்கள் இதைத்தான் ‘டிசைன் ரிவ்யூ’ என்கிறார்கள்!

நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என்று தொல்காப்பிய மரபியல் வகுத்தது. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவரும் நன்னூற் பாயிரத்தில் பத்துக் குற்றம் சொன்னார். பணி ஓய்வுக்குப் பின் இளம் பொறியாளர்களுக்கு அறிக்கை எழுதப் பழக்கியபோது இந்தப் பட்டியலைத்தான் கையில் எடுத்தேன். அவர்கள் எழுதுவது ஆங்கிலத்தில், அதனால் என்ன? “பம்பையும் வால்வையும் சோதித்து, பழுதிருந்தால் அதை மாற்றவும்.” எதை மாற்றுவதாம்? இது மயங்க வைத்தல். “அழுத்தம் 40க்கு மேல் போகக்கூடாது.” 40 என்ன? இது குன்றக் கூறல். பையன்கள் சிரித்தார்கள். முதல் வாக்கியம் நான் இளவயதில் எழுதியது, அதைப் படித்த ஃபிட்டர் நல்ல வால்வைக் கழற்றிவிட்டுப் பழுதான பம்பை அப்படியே விட்டுவிட்டார் என்று சொன்னதும் சிரிப்பு நின்றது.

மாறுகொளக் கூறலுக்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1999இல் நாசாவின் ‘மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர்’ விண்கலம் தொலைந்தது. உந்துவிசைக் கணக்கை நியூட்டன் அலகில் தரவேண்டும் என்றது விவரக்குறிப்பு; தரைநிலைய மென்பொருளோ பவுண்டு அலகில் தந்தது. வாங்கியவர்கள் நியூட்டன் என்றே எடுத்துக்கொண்டார்கள். கலம் செவ்வாயை மிகத் தாழ்வாக நெருங்கிப் போயே போய்விட்டது.

நம் தும்பாவில் 1963 நவம்பர் 21 அன்று முதல் ராக்கெட் ஏறியபோது அதை ஒருங்கிணைக்கும் பொறுப்பில் இருந்தவர் அப்துல் கலாம். அவர் சென்னை எம்.ஐ.டி.யில் மாணவராக இருந்தபோது, நம் விமானத்தை நாமே கட்டுவோம் என்று தமிழில் கட்டுரை எழுதி, கல்லூரித் தமிழ்ச் சங்கப் போட்டியில் முதற்பரிசு வாங்கியவர். பரிசைக் கொடுத்தவர் ஆனந்த விகடன் ஆசிரியர் தேவன்.

இங்குள்ள நம் பிள்ளைகளில் பலர் பள்ளியில் படிப்பது மலையாளமும் ஆங்கிலமும். தமிழ் வீட்டோடு சரி. “இஞ்சினியராகப் போகிறவனுக்கு இலக்கணம் எதுக்கு சார்?” என்று கேட்கும் பெற்றோரிடம் நான் வாதாடுவதில்லை. அந்தப் பம்பு வாக்கியத்தைக் காட்டி, திருத்தித் தரச் சொல்வேன்.