வடம் இழுத்த எட்டுப் பேரும் சார்ட் எழுதிய ஒருத்தியும்



போன வாரம் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். இப்போது அவளும் டீச்சர். "சார், பிள்ளைங்களைக் குழுவாப் பிரிச்சு வேலை கொடுத்தா ஒருத்தர்தான் செய்யுது, மத்ததெல்லாம் வேடிக்கை பாக்குது. என்ன பண்றது?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சிரித்துக்கொண்டு, "எட்டாவதுல நீங்க கொடுத்த சார்ட்டை நான் ஒருத்திதான் ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உக்காந்து எழுதினேன். உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றாள்.

தெரியாது. அதனால்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரச்சினைக்கு வயது நூறுக்கு மேல். பிரான்சில் மாக்ஸ் ரிங்கெல்மான் என்ற வேளாண் பொறியாளர் 1880-களில் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அவர்களின் பலத்தை அளந்தார். 1913-ல் அதை வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது, ஆளுக்கு ஆள் தன் முழு பலத்தில் பாதியைத்தான் காட்டியதாக அவர் கணக்கு. ஒரே நேரத்தில் இழுக்காததால் பலம் வீணாகியிருக்கலாம் என்று எண்ணத் தோன்றும். 1974-ல் அமெரிக்காவில் ஆலன் இங்காம் குழுவினர் அதையும் சோதித்தார்கள். ஒருவரின் கண்ணைக் கட்டி முதல் ஆளாக நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் இழுப்பதுபோல் நடித்தார்கள். உண்மையில் இழுத்தது அவர் ஒருவர்தான். ஆனாலும், துணைக்கு ஆள் இருக்கிறது என்று நம்பியபோது பலம் குறைந்தது.

நம் ஊர்த் தேர் வடத்திலும் இதைப் பார்க்கலாம். கை வடத்தில் இருக்கும், பலம் இருக்காது.

இதற்கு வழி ஒரு சண்டையிலிருந்து பிறந்தது. 1954-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் தனித்தனிப் பள்ளி செல்லாது என்று தீர்ப்பளித்தது. டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரில் பிள்ளைகள் உண்மையில் ஒரே வகுப்பில் உட்கார்ந்தது 1971-ல்தான். உட்கார்ந்ததும் அடிதடி. அங்கே பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியல் பேராசிரியர் எலியட் ஆரன்சனை உதவிக்கு அழைத்தார்கள். அவர் வகுப்பில் உட்கார்ந்து பார்த்தார். டீச்சர் கேள்வி கேட்டதும் ஆறேழு கைகள் எழுகின்றன. ஒருவன் பதில் சொன்னால் மற்றவன் முகம் வாடுகிறது. அடுத்தவன் தோற்றால்தான் நான் ஜெயிக்க முடியும் என்கிற அமைப்பு அது.

அவர் பாடத்தை ஆறு துண்டாக்கினார். பத்திரிகையாளர் ஜோசப் புலிட்சரின் வாழ்க்கை வரலாறு பாடம் என்றால் ஆளுக்கு ஒரு பகுதி. மற்ற ஐந்தும் தெரிய வேண்டுமானால் மற்ற ஐவர் சொல்வதைக் கேட்டே ஆக வேண்டும். தேர்வு மட்டும் தனித்தனி. கார்லோஸ் என்று ஆரன்சன் பெயர் வைத்து எழுதிய ஒரு பையனுக்கு ஆங்கிலம் திக்கும். முதலில் கேலி செய்தார்கள். கேலி செய்தால் அவன் பகுதி தங்களுக்குக் கிடைக்காது என்று புரிந்ததும், பதமாகக் கேள்வி கேட்டு அவன் வாயிலிருந்து விஷயத்தை வாங்கப் பழகினார்கள். அவனும் பேசத் தொடங்கினான்.

இனி என் கதை. 2012-ல் முப்பருவ முறை வந்தது. வளரறி மதிப்பீட்டுக்கு 40 மதிப்பெண். 'ஐரோப்பியர் வருகை' என்று தலைப்புக் கொடுத்து, ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, "எல்லாரும் சேர்ந்து செய்யுங்கள்" என்றேன். சார்ட் அழகாக வந்தது. ஐவருக்கும் ஒரே மதிப்பெண் போட்டேன். சேர்த்து உட்கார வைத்ததையே சேர்ந்து வேலை செய்வது என்று எண்ணிவிட்டேன்.

சில வருடம் கழித்து, பணியிடைப் பயிற்சி ஒன்றில் இந்த முறையைக் கேள்விப்பட்டேன். அதே பாடத்தை ஐந்து துண்டாக்கினேன்: போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர். ஒரே துண்டு கிடைத்தவர்கள் முதலில் ஒன்றாக உட்கார்ந்து சந்தேகம் தீர்த்துக்கொண்டார்கள். பிறகு அவரவர் குழுவுக்குத் திரும்பிப் பாடம் சொன்னார்கள். கடைசியில் தனித்தனியாகச் சிறு தேர்வு. முதல் நாள் சந்தைக்கடைச் சத்தம். யாராவது லீவு போட்டால் அந்தத் துண்டை அடுத்த குழுவிடம் போய்க் கேட்டு வரச் சொன்னேன். வருடம் முழுக்க வாய் திறக்காத ஒரு பையனுக்கு டேனியர் வந்தது. அவன் தரங்கம்பாடிக் கோட்டையை நேரில் பார்த்தவன். 1620-ல் கட்டிய அந்தக் கோட்டையையும் பக்கத்துக் கடலையும் அவன் சொல்லச் சொல்ல, நான்கு பேர் நோட்டில் குறித்துக்கொண்டார்கள். அவன் முகத்தை இன்னும் மறக்கவில்லை.

அந்த மாணவிக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "வேலையைப் பிரிச்சுக் கொடுத்தா மட்டும் போதாதும்மா. ஒவ்வொரு பிள்ளை கையிலயும் மத்தவங்களுக்குத் தேவையான ஒண்ணு இருக்கணும். அதை அது படிச்சுதான்னு தனியாவும் பார்க்கணும்."

பிறகு மன்னிப்பும் கேட்டேன். "அட விடுங்க சார்" என்றாள். அவள் விட்டுவிட்டாள். ஆனால் அன்று சார்ட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற மற்ற நால்வரும் இதைப் படிக்கக்கூடும். உங்களுக்கு நான் மதிப்பெண் கொடுத்தேன், கற்றுக்கொள்ளும் வாய்ப்பைக் கொடுக்கவில்லை. அவளிடம் கேட்ட மன்னிப்பை உங்களிடமும் கேட்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வரலாறு சார்