வீளையும் வடமும்: மலைமரம் இழுக்கும் தொழிலிற் குறியொலிக் கருவிகள்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே எழுந்து நிற்கும் கல்வராயன் மலை, வடபாற் சின்னக் கல்வராயன் எனவும் தென்பாற் பெரிய கல்வராயன் எனவும் இரு கூறாக வழங்கும். முன்னது ஏறத்தாழ 2700 அடியும், பின்னது 4000 அடியும் உயர்ந்தன. இத்தகைய மலைச் சாரலில் கண் செல்லும் தொலைவு சிறிது. மரமும் மடுவும் அதனைத் தடுத்துவிடும். செவி செல்லும் தொலைவோ பெரிது. ஆதலின் மலையிலும் காட்டிலும் வாழ்ந்தோர் ஒலியையே குறியாகக் கொண்டமை இயல்பு. சங்க நூல்கள் இதற்கு வைத்த பெயருள் ஒன்று வீளை என்பது. இடையன் நாவை மடித்து எழுப்பும் சீழ்க்கை அகநானூற்றில் இப்பெயராற் சுட்டப்படுகின்றது. தினைப்புனங் காப்போர் கையிலிருந்த தட்டை, குளிர் என்பனவும் ஒலியால் ஏவும் கருவிகளேயாம்.

வீளையின் இயல்பு ஒன்றை ஈண்டுக் கருதல் வேண்டும். ஒலிப்பவனே நிகழ்வதைக் காண்கின்றான். இடையில் வேறொருவன் இலன். மலையில் வெட்டிய மரத்தை இரும்பு வடத்தால் இழுக்கும் தொழில் தோன்றியபோது இவ்வியல்பு மாறிற்று. அம்மாற்றத்தின் வரலாறே யாம் ஆராயப் புகுந்தது.

கல்வராயன் மலையில் இத்தொழில் வேரூன்றவில்லை என்பதை முதற்கண் கூறிவிடுதல் நேர்மை. காரணம் மரத்தின் தன்மையிலேயே உளது. இம்மலைக்குப் பெயர் தந்த மரங்களுள் தலையாயது சந்தனம். அது வேரோடு அகழ்ந்தெடுக்கப்படுவது. வேரிலும் வயிரம் உண்மையின் அடியில் வெட்டுவார் இலர். வெளிறு செதுக்கியபின் எஞ்சுவன சிறு கட்டைகள். அவற்றை ஆளின் தோளே சுமக்கும். சுமப்பவனுக்குக் குறியொலி வேண்டுவதில்லை. தன் காலும் கண்ணுமே அவனுக்குப் போதும். மரம் மிகப் பெரிதாகி, இழுப்பவனும் கட்டுபவனும் ஒருவரையொருவர் காணாதவிடத்தே கருவி பிறக்கின்றது.

அது பிறந்த இடம் வட அமெரிக்காவின் மேலைக் கடற்கரை. கலிபோர்னியாவின் யுரேக்கா நகரில் மரத்தொழில் நடத்திய சான் டால்பியர் என்பார் 1881 இல் நீராவியால் உருளையைச் சுழற்றி வடத்தை இழுக்கும் பொறி ஒன்றை அமைத்து, 1882 இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். 'டாங்கி எஞ்சின்' என்று அது வழங்கிற்று. தொடக்கத்தில் இழுத்த வடத்தை மீண்டும் காட்டிற்குக் கொண்டுசெல்லக் குதிரை வேண்டியிருந்தது. பின்னர் அதற்கெனத் தனியுருளை ஒன்றும் சேர்ந்தது. செம்மரத்தை ஒத்த பேருருவ மரங்களை எருதால் இழுத்த தொழிலாளர்க்கு இது பெரும் பேறு. எனினும் அதனோடு புதிய அச்சமும் வந்தது. பொறியோட்டி ஓரிடத்தில், மரத்திற்குச் சுருக்கு மாட்டும் ஆட்கள் நெடுந்தொலைவில், இடையில் மேடும் புதரும். வடம் ஒரு நொடி முந்தி நகர்ந்தால் சுருக்கு மாட்டுபவன் உயிர்க்கு உறுதியில்லை.

முதலிற் கையும் கொடியும் அசைத்துக் குறி காட்டினர். புகையும் மழையும் மூடிய காட்டில் அது போதவில்லை. பொறியில் ஏலவே இருந்த நீராவி ஊதலே துணையாயிற்று. அவ்வூதலின் அடைப்பிலிருந்து காட்டினுள் நெடுங்கம்பி ஒன்றை இழுத்து, அதன் முனையில் ஓர் ஆளை நிறுத்தினர். சுருக்கு மாட்டுவோர் உரக்கக் கூவுவர். அவன் கம்பியைச் சுண்டுவான். பொறியருகே ஊதல் ஒலிக்கும். பொறியோட்டி அதன்படி செய்வான். இவ்வேலைக்கு நின்றோர் பெரும்பாலும் இளைஞர், சிறுவரும் உண்டு. 'விசில் பங்க்' என்று அவரை அழைத்தனர். இப்பெயரில் ஏளனம் கலந்திருப்பினும், முகாமில் மிகக் குறைந்த பயிற்சியுடையானிடமே பலர் உயிர் ஒப்படைக்கப்பட்டிருந்தது என்பதை அப்பெயர் மறைக்கவில்லை.

குறிகளின் அமைப்பும் கருதற்பாலது. பல முகாம்களில் ஒற்றைக் குற்றொலி இருபொருள் பட நின்றது: வடம் நின்றிருப்பின் இழுக்க என்பதும், ஓடுமாயின் நிறுத்துக என்பதும் ஆகும். ஒரே ஒலி இடம் நோக்கிப் பொருள் மாறுதல் மொழியிலும் காணப்படுவதே. எனினும் சொல்லிற் பிழை நேரின் கேட்டோர் நகைப்பர். இங்குப் பிழை நேரின் ஆள் மடிவான். நிறுத்துதற்குரிய ஒலி மிகக் குறுகியதாய், ஒருமுறையே சுண்டத்தக்கதாய் அமைந்தமை அறிவுடைமை என்றே யாம் கருதுகின்றோம். ஆளுக்குக் காயம் நேர்ந்ததை அறிவிக்க நெட்டொலிகள் தொடர்ந்து ஊதப்பட்டன. அவ்வொலி கேட்டதும் சூழ இருந்த வேலையனைத்தும் நின்றுபோகும்.

கம்பிக்குப்பின் மின்சாரம் வந்தது. மின்கலத்தோடு இணைந்த கம்பி வழியே விசை ஒன்றை அழுத்தி ஊதலை ஒலிப்பித்தனர். கம்பி கிளையிற் சிக்கித் தடைப்படும் துன்பம் இதனால் நீங்கியது. நீராவிப் பொறி மாறி டீசல் பொறி வந்தபோது, ஊதல் காற்றழுத்தக் குழலாயிற்று. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப்பின் வானொலிக் கருவி இடுப்பில் ஏறிற்று; சுருக்கு மாட்டுவோரிடையே நிற்கும் ஒருவனே பொத்தானை அழுத்த, தொலைவிலுள்ள குழல் ஒலித்தது. கம்பி முனையில் நின்ற இளைஞன் அத்தோடு வேலையிழந்தான்.

நம் நாட்டை நோக்கின், இதனோடு உறவுடைய பெருமுயற்சி ஆனைமலையின் அயலிலுள்ள பறம்பிக்குளத்துக் காட்டில் நிகழ்ந்தது. கொச்சி அரசு அமைத்த காட்டு டிராம் பாதை 1907 முதல் 1963 வரை இயங்கிற்று. ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீண்டு சாலக்குடியிற் சென்று முடிந்தது. செங்குத்தான சரிவுகளில் மரமேற்றிய வண்டி தன் எடையாலேயே கீழிறங்கும். அதனொடு வடத்தால் இணைந்த வெறுவண்டி மேலேறும். உச்சியில் நிற்பவன் தடையால் விரைவை அடக்குவான். இது பொறியிழுப்பு அன்று. எனினும் மேலே தடை பிடிப்பவனுக்கும் கீழே நிற்பவனுக்கும் இடையே ஒரு குறி இன்றியமையாதது என்பது அவ்வமைப்பாலேயே விளங்கும். தமிழ்நாட்டெல்லையில் டாப் சிலிப் என்னும் பெயர், மரங்களை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்ட முற்பட்ட முறையை இன்றும் நினைவூட்டுகின்றது. யானை இழுத்தபோது பாகன் சொல் மட்டுமே போதுமாயிருந்தது. சரிவும் வடமும் வந்தவிடத்தே சொல் போதவில்லை.

இனிப் பெயர் பற்றி ஒன்று. இக்கருவியைத் தமிழில் வீளை எனலாமா என்று மாணவர் சிலர் எம்மை வினவினர். வாயினால் எழுவது வீளை. அதனைப் பொறிக்கு ஏற்றுதல் பொருந்தாது. நீராவியாலும் காற்றாலும் ஒலிப்பதை ஊதல் என்றே கூறுக. எனினும் வானொலிப் பொத்தானை அழுத்துபவன், மரத்தருகே நின்று தன் கண்ணாற் கண்டு தானே குறி தருதலின், இடையனை ஒப்பான். ஊதல் இருப்பது மட்டும் தொலைவில், பொறியின் முகட்டில்.